கல்யாணம் ஆகாத அப்பா, அம்மா: குழந்தை யாரிடம், ஊர் மாறினால் என்ன?

கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்த இருவர் பிரிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மூன்று வயதுக் குழந்தை. மதுரையில் இருக்கும் அம்மாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கிறது. "என்னைக் கேட்காமல் குழந்தையை எப்படிக் கூட்டிக்கொண்டு போவாய்?" என்கிறார் அப்பா. "கல்யாணமே ஆகவில்லை, உன்னை எதற்குக் கேட்க வேண்டும்?" என்கிறார் அம்மா. இரண்டு கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கும் பதில் அதுவாக இல்லை.

இங்கே சொல்லப்போவது இந்தியச் சட்டம். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்குத் தேவையான சில விஷயங்களைப் பின்னால் தொட்டுப் போகிறேன். ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். முதல் மனைவி இருக்கும்போது செய்துகொண்ட இரண்டாம் கல்யாணம் போல, சடங்கு நடந்தும் சட்டப்படி செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்துத் திருமணச் சட்டத்தின் 16வது பிரிவு முறையான பிள்ளை என்ற தகுதியைத் தருகிறது. அங்கே கணக்கு வேறு. நாம் பேசுவது, திருமணம் என்று எதுவுமே நடக்காத பெற்றோரைப் பற்றி.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. குழந்தை யாருடன் இருக்கிறது, யார் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்புகிறார் என்பது ஒன்று. இதைத்தான் கோர்ட்டில் கஸ்டடி என்கிறார்கள். குழந்தைக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பது இன்னொன்று. வங்கிக் கணக்கு, சொத்து, பாஸ்போர்ட் எல்லாம் இதில் வரும். இவருக்குப் பெயர் பாதுகாவலர், பேச்சில் கார்டியன். பெரும்பாலும் இரண்டும் ஒருவரிடமே இருக்கும். ஆனால் ஒருவர் கார்டியனாகவும் குழந்தை இன்னொருவர் வீட்டிலுமாகக்கூட நீதிமன்றம் ஏற்பாடு செய்யலாம்.

சட்டம் முதலில் கைகாட்டுவது அம்மாவை

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தில் 6வது பிரிவு இதைச் சொல்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர், அதாவது நீதிமன்றம் நியமிக்காமலே சட்டம் ஏற்றுக்கொள்ளும் பாதுகாவலர், அம்மா. அவருக்குப் பிறகுதான் அப்பா. இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் இந்துவாக இருந்து, குழந்தை அவருடைய சமூக வழக்கப்படி வளர்ந்தாலும் பொருந்தும்.

இதே பிரிவில், கல்யாணம் ஆன தம்பதியின் குழந்தைக்கு முதல் பாதுகாவலர் அப்பா, "அவருக்குப் பிறகு" அம்மா. அதாவது தாலி கட்டிக்கொண்ட அம்மாவுக்கு இரண்டாம் இடம், கட்டிக்கொள்ளாத அம்மாவுக்கு முதல் இடம். இந்த இரண்டாம் இடம் எவ்வளவு தொல்லை தரும் என்பது எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் வெளிச்சத்துக்கு வந்தது. மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க அம்மாவாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. உச்ச நீதிமன்றம் 1999இல், "பிறகு" என்றால் அப்பா இறந்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாத சூழ்நிலையும் அதற்குள் வரும் என்று விளக்கம் தந்தது.

முஸ்லிம் சட்டத்திலும் திருமணமாகாத அம்மாவின் கை வலுவானதுதான். 1959இல் ஒரு முஸ்லிம் பெண் தன் சிறு மகளைத் திருப்பித் தராத உறவுக்காரர் மீது வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கும் குழந்தையின் அப்பாவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. குழந்தை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவர்களுக்கு இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் வழியாக வர வேண்டும். அப்படி வந்த ஒரு வழக்குதான் இந்தத் துறையில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது.

டெல்லியில் ஒரு கிறிஸ்தவப் பெண். படித்தவர், சம்பாதிப்பவர். மகனைத் தனியாக வளர்த்தார். அவருடைய சேமிப்புக்கும் இன்சூரன்ஸுக்கும் மகனை நாமினியாகப் போட நினைத்தார். அப்பா பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் கார்டியன் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றார்கள். சான்றிதழ் கேட்டு நீதிமன்றம் போனால், குழந்தையின் அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அவர் யார், எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள் என்றது நீதிமன்றம். அந்தப் பெண் மறுத்தார். அந்த மனிதருக்கு வேறு குடும்பம் இருக்கிறது, பெயரை வெளியே சொன்னால் குழந்தைக்கும் நிம்மதி இருக்காது என்பது அவர் தரப்பு. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மனுவைத் தள்ளிவிட்டன.

2015 ஜூலை 6 அன்று நீதிபதிகள் விக்ரமஜித் சென், அபய் மனோகர் சப்ரே அமர்வு அதை மாற்றியது. குழந்தையைத் தனியாக வளர்க்கும் அம்மா கார்டியன் ஆக மனுப் போடும்போது, குழந்தையின் மேல் அக்கறையே காட்டாத அப்பாவின் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, நோட்டீஸும் தேவையில்லை என்றது. வழக்கு நடந்தபோதுதான் இன்னொன்று தெரியவந்தது. பையனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, பிறப்புச் சான்றிதழ் இல்லை. திருமணமாகாத அம்மா பிறப்புச் சான்றிதழ் கேட்டால் ஒரு பிரமாணப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும் என்று எல்லா அதிகாரிகளுக்கும் பொதுவாக உத்தரவு போட்டது அந்த அமர்வு. சான்றிதழ் இல்லாமல் அலையும் அம்மாக்கள் கையில் இந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று இருப்பது நல்லது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அப்போ அப்பாவுக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. டெல்லி வழக்கில் அந்த அப்பா குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர். கூடவே இருந்து வளர்த்த அப்பாவுக்கு அந்தத் தீர்ப்பை அப்படியே ஒட்டவைக்க முடியாது. அவர் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குழந்தையைப் பார்க்கவும், தன்னோடு வைத்துக்கொள்ளவும் மனுப் போடலாம். அப்படி ஒரு மனு வந்துவிட்டால், அம்மா இயற்கைப் பாதுகாவலர் என்பது மட்டுமே வழக்கை முடித்துவிடாது. குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13வது பிரிவே சொல்கிறது. வயது, பாசம், யார் கையில் வளர்ந்தது, யாரால் வளர்க்க முடியும் எல்லாம் பார்க்கப்படும். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துப் பேசுவார்.

ஆனால் அதற்கு முன்னால் அவர்தான் அப்பா என்று நிலைநாட்ட வேண்டும். கல்யாணம் ஆன தம்பதிக்கு இந்தத் தொல்லை இல்லை, கணவர்தான் அப்பா என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கல்யாணம் இல்லாதபோது காகிதம் பேச வேண்டும்: பிரசவ ஆஸ்பத்திரியில் போட்ட கையெழுத்து, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், பள்ளிக் கட்டண ரசீது, மாதா மாதம் அனுப்பிய பணம். அம்மா மறுத்தால் டி.என்.ஏ. பரிசோதனை கேட்கலாம். கேட்டவுடன் நீதிமன்றம் உத்தரவு போட்டுவிடாது, தேவை இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடும்.

ஜீவனாம்சம் இதோடு சேர்ந்து வரும். பெற்றோருக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் குழந்தைக்குச் செலவுக்குக் கொடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144வது பிரிவாக இருக்கிறது. "நீ குழந்தையைக் காட்டவில்லை, நான் பணம் தரமாட்டேன்" என்பதும், "நீ பணம் தரவில்லை, நான் குழந்தையைக் காட்டமாட்டேன்" என்பதும் நீதிமன்றத்தில் எடுபடாது. சோறும் பாசமும் குழந்தைக்கு வர வேண்டியவை. ஒன்றை அடகு வைத்து இன்னொன்றை வாங்கப் பார்க்கும் பெற்றோரைக் கண்டால் எனக்கு மனது ஆறுவதில்லை.

ஊர் மாறுவது

சரி, மதுரை அம்மா பெங்களூர் போகலாமா? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், வழக்கோ உத்தரவோ இருக்கும் பெற்றோர் 50 மைலுக்கு மேல், 60 நாளுக்கு மேல் இடம் மாறுவதானால், மற்றவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும் என்று சட்டமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இந்தியாவில் அப்படித் தூரமும் நாளும் சொல்லும் சட்டம் கிடையாது. எல்லாம் இப்போது உங்கள் கையில் என்ன உத்தரவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வழக்கே இல்லை, உத்தரவும் இல்லை, குழந்தை அம்மாவிடம் வளர்கிறது என்றால், அம்மா போகலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அப்பா குழந்தையோடு பழகிக்கொண்டிருப்பவர் என்றால், சொல்லிவிட்டுப் போவதுதான் சரி என்பேன். வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ, எந்தத் தேதி, எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த நாளில் குழந்தையோடு பேசலாம், லீவுக்கு எப்போது வரலாம் என்று எழுதிவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால், ராத்திரியோடு ராத்திரியாக ஃபோனை அணைத்துவிட்டுப் போனவருக்கும், முகவரி கொடுத்துவிட்டுப் போனவருக்கும் நீதிபதி பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு.

வழக்கு நடந்துகொண்டிருந்தால், அல்லது வாரம் ஒரு நாள் அப்பா பார்க்கலாம் என்பது போல உத்தரவு இருந்தால், நீதிமன்றத்தைக் கேட்காமல் நகரக் கூடாது. போனால் உத்தரவை மீறியதாக ஆகும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. நீதிமன்றம் நியமித்த கார்டியன், அந்த நீதிமன்றத்தின் எல்லையைத் தாண்டிக் குழந்தையைக் கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26வது பிரிவு. அனுமதி வாங்காமல், நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் இருப்பதற்காகவே கொண்டுபோனால் 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிவில் சிறை. இயற்கைப் பாதுகாவலராகவே இருந்த அம்மாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் வங்கிக்காகவோ பாஸ்போர்ட்டுக்காகவோ கார்டியன் சான்றிதழ் வாங்கியிருந்தால், அந்த உத்தரவை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டுத்தான் லாரி பிடிக்க வேண்டும்.

அனுமதி கேட்டால் கிடைக்குமா? 2010இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அவர்கள் கல்யாணமாகிப் பிரிந்தவர்கள் என்றாலும் அளவுகோல் ஒன்றுதான். அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை, மகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பா எதிர்த்தார். நீதிபதிகள் பையனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். அவன் அம்மாவோடு இருக்கவே விரும்பினான். அம்மா வேலைக்காக வெளிநாடு போவதைக் குழந்தையின் மேலுள்ள பாசத்துக்கு எதிரானதாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுமதித்தார்கள். அப்பாவும் மகனும் சந்திக்கவும் ஏற்பாடு செய்தார்கள். கஸ்டடி உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியது கிடையாது, குழந்தை வளர வளர மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

2020இல் வேறொரு வழக்கில், குழந்தை யாரிடம் இல்லையோ அந்தப் பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் வீடியோ அழைப்பில் பேச முடிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் இடம் மாற அனுமதி கேட்பவர், வேலைக்கான கடிதத்தோடு, பள்ளி இடம், தங்கப்போகும் வீடு, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் யார், வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு, கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்ற திட்டத்தையும் கூடவே வைக்க வேண்டும். நான் படித்த தீர்ப்புகளில் நீதிமன்றத்தின் மனதைத் தொட்டவை இந்தச் சின்னச் சின்ன விவரங்கள்தான். எதிர்க்கிற அப்பாவுக்கும் இதையேதான் சொல்வேன். "கூட்டிக்கொண்டு போகக் கூடாது" என்று மட்டும் நிற்காமல், குழந்தை தன்னிடம் இருந்தால் அதன் ஒரு நாள் எப்படிப் போகும் என்று காட்டுங்கள்.

வழக்கை எங்கே போடுவது என்பதிலும் ஊர் மாறுவதால் சிக்கல் வரும். கஸ்டடி வழக்கு, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றத்தில் போட வேண்டும். போன வாரம் பெங்களூர் போய் இறங்கியதால் அது வழக்கமான வசிப்பிடம் ஆகிவிடாது. எவ்வளவு காலமாக, எந்த நோக்கத்தில் அங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஜீவனாம்ச வழக்குக்கு விதி வேறு. அப்பா இருக்கும் ஊரிலோ, இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலோ போடலாம். ஆக, பெங்களூர் போன பிறகும் ஜீவனாம்சத்துக்காக அம்மா மதுரைக்கு வந்து போக வேண்டியிருக்கலாம்.

பள்ளி மாற்றத்தில் டி.சி. வாங்குவதை ஒருவர் தடுத்து வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். 6 முதல் 14 வயதுக் குழந்தைக்கு, டி.சி. வரத் தாமதம் என்று காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவு சொல்கிறது.

அப்புறம், அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? போலீஸுக்குப் போனால், "இது குடும்பப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137வது பிரிவு, குழந்தையைக் காப்பாளரிடமிருந்து கொண்டுபோவதைக் கடத்தல் என்கிறது. ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் அப்பா தான்தான் என்று நல்லெண்ணத்தோடு நம்பும் ஒருவர் கொண்டுபோனால், கெட்ட நோக்கம் இல்லாதவரை, அது கடத்தல் ஆகாது என்று விதிவிலக்கும் தருகிறது. கடத்தல் வழக்கு நிற்காது என்பதால் அப்பா குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்று பொருள் இல்லை. குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி அம்மா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், குடும்ப நல நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். நாள் கடத்தாதீர்கள். மாதங்கள் ஓடினால், குழந்தை அங்கே பழகிவிட்டது என்பதே எதிர்த் தரப்பின் வாதமாகிவிடும்.

கடல் தாண்டினால்

பாஸ்போர்ட் இப்போது முன்பு போல் கஷ்டம் இல்லை. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தினார்கள். பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். ஆனால் விசா கொடுக்கும் நாடு, மற்ற பெற்றோரின் சம்மதத்தையோ நீதிமன்ற உத்தரவையோ கேட்கலாம்.

வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்து, அங்கே குழந்தை பெற்று, பிரிந்த பிறகு குழந்தையோடு ஊர் திரும்ப நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2003 டிசம்பர் 1க்குப் பிறகு, கல்யாணம் ஆகாத அப்பா, அம்மாவோடு சேர்ந்து பிறப்பைப் பதிந்து பெயர் போட்டிருந்தால், அவருக்கும் சட்டப்படியான பெற்றோர் பொறுப்பு வந்துவிடும். அவர் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் குழந்தையைச் சென்னை விமானத்தில் ஏற்றினால் அது அங்கே குற்றம். இந்தியாவில் அம்மாவுக்குத்தான் முதல் உரிமை என்ற வாதம் லண்டனில் செல்லாது. குழந்தை எந்த நாட்டில் வாழ்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் பேசும்.

இப்படிக் கொண்டுபோகப்பட்ட குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்காக 1980இல் உருவான ஹேக் ஒப்பந்தம் இருக்கிறது. இலங்கை 2001இல் சேர்ந்தது. சிங்கப்பூரும் உறுப்பு நாடு. இந்தியா இதுவரை சேரவில்லை. சேரவில்லை என்பதால் இங்கே வந்துவிட்டால் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2012இல் இங்கிலாந்திலிருந்து இரண்டு மகள்களோடு ஓர் அம்மா கோயம்புத்தூர் வந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2015இல் உச்ச நீதிமன்றமோ, இங்கிலாந்து நீதிமன்றத்தின் உத்தரவை மதித்து மகள்களைத் திரும்பக் கொண்டுபோகச் சொன்னது. இரண்டே ஆண்டுகளில், 2017இல், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறு ஒரு வழக்கில் அந்தப் பார்வையை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவு ஒரு காரணிதான், குழந்தையின் நலனை நாமே எடைபோட வேண்டும் என்றது. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இடத்தில் குழந்தையை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால், இருக்கும் நாட்டிலேயே அனுமதிக்கு மனுப் போடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, பள்ளி ரசீதுகள், ஊர் மாறுவது பற்றி இருவரும் அனுப்பிக்கொண்ட செய்திகளின் அச்சுப் பிரதி ஆகியவற்றை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே ஏதாவது உத்தரவு இருந்தால் அதை மேலே வையுங்கள், வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.